ஃபைல் அங்கேதான் இருக்கிறது, நீங்கள்தான் வேறெங்கோ நிற்கிறீர்கள்

மே மாதம் மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும்போது காவேரிப்பட்டணத்து மண்டிகளில் யாருக்கும் போன் பேச நேரம் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலம், மண்டியில் கணக்கு எழுதும் தம்பி ஒருவன் கூப்பிட்டான்.

“அண்ணா, காலையிலிருந்து ஏத்துன பில்லு ஒண்ணுகூடக் காணோம்ணா.”

“நீ இப்ப எங்க இருக்க?”

“மண்டியிலதான்ணா.”

“அது தெரியுதுப்பா. டெர்மினல்ல எங்க இருக்க?”

பதில் வரவில்லை. லாரி பின்னால் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் இருப்பது தர்மபுரியில். பழைய லேப்டாப்களில் உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றி, மளிகைக் கடை, மாங்காய் மண்டி, பட்டுக்கூடு வியாபாரம் என்று இந்தப் பக்கத்துச் சின்னத் தொழில்களுக்குத் தேவையான சில்லறை ஸ்கிரிப்டுகளை, அதாவது கமாண்டுகளை வரிசையாக அடுக்கிய ஃபைல்களை, எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு ஜிபி மெமரி மெஷினில் மவுஸை நம்புவதைவிடக் கீபோர்டை நம்பலாம் என்பதால் எல்லோருக்கும் டெர்மினலை, அதாவது கமாண்டைத் தட்டி வேலை வாங்கும் திரையை, பழக்கிவிடுவேன். பழக்கிவிட்ட பாவத்துக்குப் போன் வரும். புகார் பத்து விதமாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் பாதைப் பிரச்சினைதான். ஃபைல் ஓரிடத்தில் இருக்கும், ஆள் வேறிடத்தில் நின்றுகொண்டு அதைக் கூப்பிடுவார். திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்து, கோளாறு எங்கே என்று பிடிப்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அந்தத் தம்பியின் பில்கள் என்ன ஆயின என்பது கடைசியில் வரும். அது கொஞ்சம் விசித்திரமான கேஸ்.

கமாண்டுகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். சிடி என்றால் சி, டி என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகள். எல்எஸ், எம்வி, ஆர்எம், சிபி எல்லாம் அப்படியே. ஒரு ஃபோல்டருக்குள் போக சிடி, நகர்த்தவோ பெயர் மாற்றவோ எம்வி, அழிக்க ஆர்எம், காப்பி எடுக்க சிபி. பிடபிள்யூடி என்றால் பி, டபிள்யூ, டி. ஹோம், மீடியா போன்ற சிஸ்டம் ஃபோல்டர்களும் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். உதாரணத்துக்கு யூசர் பெயர் மண்டி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்கு /ஹோம்/மண்டி/மாங்காய்/மே என்ற ஃபோல்டரில் இருக்கிறது. மாங்காய், மே இரண்டும் தமிழ் எழுத்திலேயே வைத்த பெயர்கள். லினக்ஸில் அதற்குத் தடை ஏதும் இல்லை, சில தொல்லைகள் உண்டு, அதற்கும் வருவோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பிடபிள்யூடி என்று தட்டி என்டர் அடியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் முழுப் பாதை வரும். அடுத்து எல்எஸ். அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரும். இந்த இரண்டையும் பார்க்காமல் கமாண்டை மாற்றி மாற்றித் தட்டுவது, எந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்க்காமலே கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குச் சண்டை போடுவது மாதிரி. மூன்றாவது ஆயுதம் டேப் பட்டன். பெயரின் முதல் எழுத்து இரண்டைத் தட்டி டேப் அடித்தால் மீதியை அதுவே நிரப்பும். நிரப்பவில்லை என்றால், நீங்கள் நினைக்கும் பெயரில் அங்கே எதுவும் இல்லை, அல்லது அப்படித் தொடங்குவது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. இன்னொரு முறை டேப் அடித்தால் எது என்று தெரிந்துவிடும்.

“நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி” என்கிறது, ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பாதையின் முதல் எழுத்தைப் பாருங்கள்.

சிடி /மாங்காய்
சிடி மாங்காய்

இரண்டும் ஒன்றல்ல. முதலில் சாய்கோடு இருந்தால் அது முழுப் பாதை. மெஷினின் அடிவேரிலிருந்து தேடும். அடிவேரில் மாங்காய் என்று எதுவும் இல்லை, அதனால் இல்லை என்கிறது. சாய்கோடு இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தேடும். நீங்கள் /ஹோம்/மண்டியில் நின்றால் கிடைக்கும், ஏற்கெனவே மாங்காய்க்குள் நின்றால் கிடைக்காது. மாங்காய்க்குள் இன்னொரு மாங்காய் கிடையாதே.

முழுப் பாதைக்கும் நிற்கும் இடத்தைச் சார்ந்த பாதைக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஓசூர் ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2-இல் தர்மபுரி தனி மாவட்டமானபோது ஓசூர் இதற்குள் வந்தது. 2004 பிப்ரவரி 9-இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அதோடு போனது. ஊர் ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனால் அதன் முழுப் பாதை /சேலம்/ஓசூர், /தர்மபுரி/ஓசூர், /கிருஷ்ணகிரி/ஓசூர் என்று மூன்று முறை எழுதப்பட்டுவிட்டது. பழைய பாதையைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் “அப்படி ஒன்று இல்லை” என்றுதான் சொல்லும். தபால்காரர் மாதிரி யோசித்துக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதே சமயம், ஓசூரில் நின்றுகொண்டு பாகலூருக்கு வழி கேட்டால் அன்றும் இன்றும் ஒரே பதில்தான்.

எம்வி போட்டு ஒரு ஃபோல்டரை வேறொன்றுக்குள் நகர்த்தும்போதும் இதேதான் நடக்கிறது. அதன் முழுப் பாதையை எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் அன்றோடு படுத்துவிடும். உள்ளேயே ஒன்றை ஒன்று சார்பாகக் கூப்பிட்டுக்கொள்பவை பிழைத்துக்கொள்ளும். சார்புப் பாதையின் பலவீனம் வேறு. ஃபோல்டர் அசையாமல் இருந்தாலும் நீங்கள் நகர்ந்தால் அது உடைந்துவிடும்.

சாய்கோடு சரி, இன்னும் இல்லை என்கிறதா? பாதையைத் துண்டு துண்டாக நடந்து பாருங்கள். எல்எஸ் /ஹோம், பிறகு எல்எஸ் /ஹோம்/மண்டி, பிறகு எல்எஸ் /ஹோம்/மண்டி/மாங்காய். எந்தப் படியில் இல்லை என்கிறதோ அதற்கு முந்தைய படிவரை எல்லாம் சரி. பிழைச் செய்தி முழுப் பாதையையும் சேர்த்துக் குறை சொல்லும், எந்தத் துண்டு தப்பு என்று காட்டிக்கொடுக்காது. அதனால்தான் இந்த நடை.

தப்பான துண்டு கிடைத்ததும் மூன்று சந்தேகம். ஒன்று, பெரிய எழுத்து சின்ன எழுத்து. உபுண்டுவில் டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் பெரிய எழுத்து டியில் தொடங்கும். சின்ன டி போட்டால் லினக்ஸுக்கு அது வேறு பெயர். விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க இதில் முட்டிக்கொள்வார்கள், அங்கே பொதுவாக இரண்டும் ஒன்றுதான். இரண்டு, பெயரின் வால். விண்டோஸில் ஃபைல் வகையைக் காட்டும் கடைசித் துண்டு மறைந்திருக்கும், அதனால் பெயர் மாற்றும்போது விலை.டிஎக்ஸ்டி என்று நீங்களே ஒரு வால் சேர்த்தால் நிஜப் பெயர் விலை.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும். எல்எஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது எழுத்துக்கூட்டு. தமிழில் பெயர் வைக்கும்போது நம் ஊரில் இது பெரிய தலைவலி. தர்மபுரியா, தருமபுரியா? காவேரிப்பட்டணமா, காவேரிப்பட்டினமா? மாரண்டஅள்ளியா, மாரண்டஹள்ளியா? போர்டுகளிலேயே இரண்டு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். மனிதனுக்கு எல்லாம் ஒரே ஊர், லினக்ஸுக்கு ஒவ்வொன்றும் தனி ஊர். ஓர் ஆபீஸில் இரண்டு பேர் கணக்கு எழுதினால், ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நான் செய்த பராமரிப்பு வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது அந்தச் சீட்டுதான்.

இதன் தம்பி மாதிரி இன்னொரு செய்தி உண்டு, “நாட் எ டைரக்டரி”. ஃபைலுக்குள் சிடி செய்யப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபோல்டருக்குள்தான் நுழைய முடியும். அவ்வளவே.

பெயர் அச்சு அசலாக அதேதான், ஆனாலும் இல்லை என்கிறது

இது நிஜமாகவே மண்டையைக் குடையும். எல்எஸ் காட்டுகிறது, தொப்பூர் என்று ஒரு ஃபோல்டர். நீங்களும் தொப்பூர் என்றே தட்டுகிறீர்கள். இல்லை என்கிறது. பேய் பிடித்தது என்று நினைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ‘தொ’வை இரண்டு விதமாக எழுதி வைக்க முடியும். த-வுக்குப் பின்னால் ‘ொ’ என்ற ஒரே குறியைப் போடுவது ஒரு விதம். ஒற்றைக்கொம்பைத் தனியாகவும் துணைக்காலைத் தனியாகவும் இரண்டு குறிகளாகப் போடுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் டிஸ்கில் கிடப்பது எழுத்தின் உருவம் அல்ல, எண்கள். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். ஒற்றைக் குறியோடு எழுதிய தொப்பூர் 24 பைட், பிரித்து எழுதியது 27 பைட். லினக்ஸ் பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, கண்ணை அல்ல. ஓகாரத்துக்கும் இதே கதை. அதனால் போச்சம்பள்ளி, மொரப்பூர் எல்லாம் இந்த வலையில் விழும். பாலக்கோடு விழும், பாலக்கோட்டை விட்டு வெளியே வந்து பென்னாகரம் போனால் தப்பிக்கலாம், அதில் ஒற்றைக்கொம்பு மட்டும்தான்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? சில கீபோர்டுகளில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்ட முடியும். பிடிஎஃபிலிருந்து காப்பி செய்த எழுத்திலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய எழுத்திலும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த ஃபோல்டருக்குள் போக, சந்தேகமான எழுத்தைத் தட்டாமல் விட்டுவிடுங்கள்:

சிடி *ப்பூர்

நட்சத்திரக் குறி “முன்னால் எது இருந்தாலும் சரி” என்று சொல்கிறது. உள்ளே போய்விட்டால் அவசரம் தீர்ந்தது. பிறகு வெளியே வந்து, எம்வி *ப்பூர் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு, உங்கள் கீபோர்டில் புதிதாகத் தட்டிய தொப்பூர் என்ற பெயரைக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் எல்எஸ் பாருங்கள். தொப்பூர் இரண்டு இருக்கிறது என்றால், ஒரே இடத்தில் இரண்டு வடிவத்திலும் ஃபோல்டர் உருவாகிவிட்டது, எம்வி ஒன்றை இன்னொன்றுக்குள் தள்ளிவிடும். முதலில் உள்ளே இருப்பதைப் பார்த்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் கன்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. என்எஃப்சி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பிரிந்த குறிகளை எல்லாம் சேர்த்து எழுதும். அதில் எனக்குப் பிடித்த குணம், சும்மா ஓட்டினால் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும். நோடெஸ்ட் என்று சேர்த்தால்தான் நிஜமாகப் பெயர் மாற்றும். எல்லாக் கருவியும் இப்படி இருந்திருந்தால் எனக்குப் பாதி நரை வந்திருக்காது.

அதனாலும் தீராத கேஸ் ஒன்று உண்டு. கௌரி என்பதை ஒற்றைக்கொம்பு, பிறகு ள என்ற எழுத்து என்று கெளரி ஆக்கி எழுதுகிறவர்கள் ஏராளம். அது யூனிகோடின் கணக்கில் ஒரே எழுத்தின் இரண்டு வடிவம் அல்ல, எழுத்துப்பிழை. அதை எந்தக் கருவியும் சேர்த்து வைக்காது, நாம்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று. லினக்ஸில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு பொதுவாக 255 பைட். தமிழில் அது 85 குறிகள்தான், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. கிருஷ்ணகிரி என்ற ஒரு சொல்லுக்கே 33 பைட் போய்விடும். “ஃபைல் நேம் டூ லாங்” என்று வந்தால், ஒரு முழு வாக்கியத்தைப் பெயராக வைத்திருக்கிறீர்கள். டெர்மினலில் தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் சிதறித் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். அது டெர்மினல் வரைவதில் உள்ள குறை, ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“டூ மெனி ஆர்கியுமெண்ட்ஸ்” என்று வருகிறது

பெயருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது. ‘சிடி பழைய கணக்கு’ என்று தட்டினால் பழைய என்று ஓரிடம், கணக்கு என்று இன்னோரிடம், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போகச் சொல்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளும். மேற்கோள் குறிக்குள் போடுங்கள்:

சிடி "பழைய கணக்கு"

அல்லது இடைவெளிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ். அல்லது பேசாமல் டேப் அடியுங்கள், அதுவே சரியாகப் போட்டுவிடும்.

சிடியில் இந்தத் தப்பு செய்தால் திட்டு மட்டும்தான். ஆர்எம்மில் செய்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று கணக்கு, இன்னொன்று பழைய கணக்கு. பழையதை அழிக்க நான் மேற்கோள் குறி இல்லாமல் ‘ஆர்எம் -ஆர் பழைய கணக்கு’ என்று தட்டினேன். பழைய என்று எதுவும் இல்லை என ஒரு வரி முணுமுணுத்தது. கணக்கு என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை ஒழுங்காக, முழுசாக அழித்துவிட்டிருந்தது. பென்டிரைவில் இருந்த காப்பி ஒரு வாரம் பழசு. அந்த ஒரு வாரத்துச் சீட்டுகளை நானே உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். மண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு நான் உருவாக்கும் எந்தப் பெயரிலும் இடைவெளி கிடையாது. பழைய_கணக்கு என்று கீழ்க்கோடு போட்டுவிடுகிறேன்.

மேற்கோள் போட்டும் வேலை செய்யவில்லையா? அந்தக் கமாண்டை வேர்டு ஃபைலிலிருந்து காப்பி செய்தீர்களா என்று பாருங்கள். வேர்டு நேர் மேற்கோளை அழகாக வளைத்துவிடும். வளைந்த குறி டெர்மினலுக்கு மேற்கோளே அல்ல, பெயரின் ஒரு பகுதி. வாட்ஸ்அப்பில் வந்த கமாண்டைப் பார்த்துத் தட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பது தடித்த எழுத்தாகிவிடும், நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தெரியாது.

அலைக்குறி போட்ட பாதை வேலை செய்யவில்லை

~ என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டர். ~/மாங்காய் என்றால் /ஹோம்/மண்டி/மாங்காய். இதை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அந்த மாயம் நடக்காது. ~ என்றே பெயருள்ள ஃபோல்டரைத் தேடும். அலைக்குறியையும் அடுத்த சாய்கோட்டையும் மேற்கோளுக்கு வெளியே விட்டுவிட்டு மீதியை உள்ளே வையுங்கள்.

சில ஸ்கிரிப்டுகள் இந்தத் தப்பால் ~ என்ற பெயரில் நிஜமாகவே ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடும். அதைப் பார்த்ததும் ஆர்எம் -ஆர் ~ என்று தட்டிவிடாதீர்கள். அழிவது உங்கள் ஹோம் முழுவதும். காலியான ஃபோல்டராக இருந்தால் ஆர்எம்டிஐஆர் ./~ என்று தட்டுங்கள். முன்னால் ./ இருப்பதால் அலைக்குறி வெறும் எழுத்தாகிவிடும், காலியாக இல்லாவிட்டால் அந்தக் கமாண்ட் அழிக்க மறுத்துவிடும்.

“கமாண்ட் நாட் ஃபவுண்ட்”

ஒரு படி மேலே போக இரண்டு புள்ளி. விண்டோஸில் சிடி.. என்று ஒட்டித் தட்டினாலும் போகும். இங்கே ‘சிடி..’ என்ற பெயரில் ஒரு கமாண்டைத் தேடி இல்லை என்கிறது. நடுவில் இடைவெளி விடுங்கள்.

நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே இருக்கும் ஸ்கிரிப்டை ஓட்டும்போது இந்தச் செய்தி வந்தால், பெயருக்கு முன்னால் ./ சேர்க்க வேண்டும். ஒரு புள்ளி என்றால் “இங்கேயே”. விண்டோஸின் பழைய கமாண்ட் பிராம்ட் நிற்கும் இடத்தை முதலில் தேடும், லினக்ஸ் வேண்டுமென்றே தேடாது. பொது ஃபோல்டர் ஒன்றில் யாராவது எல்எஸ் என்ற பெயரில் விஷமமான ஸ்கிரிப்டை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும்.

“பர்மிஷன் டினைட்”

பாதை சரி, உங்களை உள்ளே விட மாட்டேன் என்கிறது. கடைசி ஃபைலுக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். நேம்ஐ -எல் என்று தட்டி முழுப் பாதையைக் கொடுத்தால் படிப்படியாக ஒவ்வொன்றின் அனுமதியையும் காட்டும். உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் மற்ற யூசர்கள் எட்டிப் பார்க்க முடியாது. ஒரே லேப்டாப்பில் அப்பாவுக்கும் மகனுக்கும் தனித்தனி யூசர் இருந்தால் அதுதான் காரணம். நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோவை முன்னால் சேர்த்து, சூடோ சிடி என்று தட்டிப் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யாது, ஏனென்றால் சிடி தனி நிரல் அல்ல, நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கமாண்ட்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடும்போது ஓடவில்லை

விடிகாலை நான்கு மணிக்கு விலைப் பட்டியல் தயாராக வேண்டும் என்று கிரானில், அதாவது குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில், போட்டு வைத்திருப்பீர்கள். பகலில் சோதித்தபோது அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ஓட்டினீர்கள். கிரான் ஓட்டும்போது உங்கள் ஹோமில் நிற்கிறது. உள்ளே இருக்கும் சார்புப் பாதைகள் எல்லாம் அங்கிருந்து தேடப்படும். ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை வைத்துப் பாதை தொடங்குவதில்லை, ஓட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை வைத்துத்தான். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக முழுப் பாதை கொடுத்து ஒரு சிடி போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால் வேறு விதமாகக் கெடும். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். லினக்ஸ் அதையும் பாதையின் கடைசி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வரியின் தொடக்கத்தை மேலெழுதிக்கொண்டு குளறுபடியாக வந்தால், அல்லது “பேட் இன்டர்பிரட்டர்” என்று வந்தால் இதுதான். டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியில் ஒரு முறை ஓட்டி எடுங்கள்.

பென்டிரைவ், விண்டோஸ்

உபுண்டுவில் பென்டிரைவ் /மீடியா/மண்டி என்பதற்குக் கீழே அதன் பெயரில் வந்து உட்காரும். வேறு பென்டிரைவ் போட்டாலோ, பார்மட் செய்து பெயர் மாறினாலோ பாதையும் மாறிவிடும். ஸ்கிரிப்டில் எழுதி வைத்திருந்தால் அங்கே போய்த் திருத்துங்கள்.

விண்டோஸில் ஒரே ஒரு புகார்தான் திரும்பத் திரும்ப வரும். ‘சிடி டி:\கணக்கு’ என்று தட்டினேன், எந்தப் பிழையும் வரவில்லை, ஆனால் இன்னும் சி டிரைவிலேயே நிற்கிறது என்பார்கள். கமாண்ட் பிராம்டில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக நிற்கும் இடம் உண்டு. நீங்கள் டி டிரைவின் இடத்தை மாற்றினீர்கள், டிரைவை மாற்றவில்லை. சிடி /டி என்று சேர்த்துத் தட்டுங்கள், அல்லது டி: என்று மட்டும் ஒரு வரி தட்டுங்கள். அங்கே சாய்கோடு ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1981-இல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டரே கிடையாது, நேர் சாய்கோட்டை கமாண்டுகளின் விருப்பங்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். 1983-இல் ஃபோல்டர்கள் வந்தபோது மிச்சம் இருந்தது பேக்ஸ்லாஷ்.

டெர்மினலில் இருக்கிறது, ஜன்னலில் இல்லை

இதுதான் காவேரிப்பட்டணத்துத் தம்பியின் கேஸ். ஃபைல் மேனேஜர் ஜன்னலைத் திறந்து முதலாளி பார்த்தபோது மே ஃபோல்டர் காலி. பையன் டெர்மினலில் எல்எஸ் போட்டால் எல்லா பில்லும் வரிசையாக வருகிறது. பிடபிள்யூடி கேட்டால் /ஹோம்/மண்டி/மாங்காய்/மே என்றே சொல்கிறது. இரண்டும் ஒரே பாதை, ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

“காலையில அந்த ஃபோல்டர ஏதாவது பண்ணினியா?”

“சும்மா போட்டுப் பாத்த பில்லு மூணு இருந்துச்சுண்ணா. ஃபோல்டரோட அழிச்சிட்டு, மே-ன்னு புதுசா ஒண்ணு போட்டேன்.”

“அப்ப டெர்மினல் தொறந்து இருந்துச்சா?”

“ஆமாண்ணா.”

ஜன்னலில் டெலீட் அடித்தால் ஃபோல்டர் உடனே அழியாது, குப்பைத்தொட்டிக்கு நகரும். டெர்மினல் நிற்பது பெயரின் மேல் அல்ல, ஃபோல்டரின் மேல். ஃபோல்டர் நகர்ந்தபோது அதற்குள் நின்றுகொண்டிருந்த டெர்மினலும் கூடவே குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. பிடபிள்யூடி மட்டும் பழைய ஞாபகத்தில் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. பில் போடும் ஸ்கிரிப்ட் நிற்கும் இடத்தில் எழுதும்படி நான் எழுதியது. அதனால் பகல் முழுக்க பெங்களூராவும் செந்தூராவும் குப்பைத்தொட்டிக்குள் வரவு வைக்கப்பட்டன.

இந்தச் சந்தேகம் வந்தால் /பின்/பிடபிள்யூடி என்று முழுப் பாதை கொடுத்துக் கேளுங்கள். ஷெல்லின் ஞாபகத்தைக் கேட்காமல் நிஜ இடத்தைக் கேட்டுச் சொல்லும். தம்பியின் திரையில் வந்த பதிலின் நடுவில் டிராஷ் என்ற சொல் இருந்தது. ஷிஃப்ட் டெலீட் போட்டு நேராக அழித்திருந்தால் இந்த விசித்திரம் நடந்திருக்காது. அடுத்த பில்லை எழுத முடியாமல் காலையிலேயே பிழை வந்திருக்கும்.

குப்பைத்தொட்டியைக் காலி செய்யாதே என்று முதலாளிக்கும் கேட்கிற மாதிரி இரண்டு முறை சொல்லிவிட்டு, அதே டெர்மினலில் இதைத் தட்டச் சொன்னேன்:

சிபி * /ஹோம்/மண்டி/மாங்காய்/மே/

முழுப் பாதை என்பதால் இது புதிய மே ஃபோல்டருக்குப் போகும். எல்லா பில்லும் வந்து சேர்ந்தன. காலையில் அழித்த அந்த மூன்று சோதனை பில்களும் கூடவே வந்துவிட்டன. அவற்றை அழிப்பதற்கு முன் பையன் டெர்மினலை மூடிவிட்டுத்தான் மவுஸைத் தொட்டான்.